அச்சில் வராத வரி

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன வாரம் உன் மனைவி புக்கிட் பாஞ்சாங் வரை வந்து, என் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று உன் தம்ப் டிரைவை நீட்டினாள். “அண்ணே, அவரு போய் ஒரு வருஷம் ஆகுது. ஞாயித்துக்கிழமை நினைவுப் பூசைல அவரோட ஈஸ்டர் பாட்டையே பாடுறோம். புது கம்ப்யூட்டர்ல திறக்கவே மாட்டேங்குது. உங்களாலதான் முடியும் லா.”

திறக்காதுதான். கோயில் பாடகர் குழுவுக்காக நாம் இருவரும் சுரங்களைக் கணினியில் எழுத்துகளாகத் தட்டுவோம். மென்பொருள் அதை இசைத்தாளாக வரைந்து தரும். ஓர் அசையை இழுத்துப் பாடவேண்டிய இடத்தில், பழைய பதிப்பில் அடைப்புக்குறி சுரத்தின் முன்னால் வரும், புதியதில் பின்னால். நான் புதியதற்கு மாறினேன். நீ மாறவில்லை. “ஓடுறத எதுக்குய்யா நோண்டுற?” என்பாய். நீ அனுப்புவதை நான்தான் புதிய முறைக்கு மாற்றி அச்சடிப்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஈஸ்டருக்கு இந்தப் பாட்டின் கோப்பை நீ அனுப்பியபோது ஒத்திகைக்கே நேரமில்லை. ஓர் அடைப்புக்குறி ஒரு சுரம் தள்ளியிருந்தது. அங்கிருந்து ஒவ்வோர் அசையும் தவறான சுரத்தில் போய் விழ, பாடகர் குழு பாதியில் நின்றது. பூசை முடிந்ததும் காப்பிக் கோப்பையுடன் எல்லார் முன்னாலும் சொன்னாய்: “பெரிய படிப்பு படிச்சவரு. ஒரு பிராக்கெட்ட மாத்தத் தெரியல.” சிரித்தார்கள். என் தவறென்றே நம்பி, குழுவை விட்டு விலகினேன்.

நேற்று உன் மூலக்கோப்பைப் பழைய மடிக்கணினியில், பழைய பதிப்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே பிழை. நான் தொடுவதற்கு முன்பே அது இருந்திருக்கிறது. அதற்கு மேலே, அச்சில் வராத குறிப்பு வரியாக நீ தட்டியிருந்தாய்: “தப்பு என்னோடது. அவன் சரியாத்தான் மாத்தினான்.” கோப்பைக் கடைசியாகச் சேமித்தது அந்த ஈஸ்டருக்கு அடுத்த வாரம்.

ஒரே வாரத்தில் உனக்குத் தெரிந்துவிட்டது. நீ இருந்த தோ பாயோவிலிருந்து என் வீட்டுக்கு ரயிலில் வர எவ்வளவு நேரமாகும்? அவர்கள் முன்னால் என்னைக் கேலி செய்தாய். கோப்பைத் திறப்பவன் கண்ணில் மட்டும் படும்படி உண்மையை எழுதினாய்.

பாட்டைச் சரிசெய்துவிட்டேன். நல்ல பாட்டு, அதுவும் எரிச்சலாக இருக்கிறது. உன் குறிப்பு வரியை அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது. புதிய கோப்பிலும் அது இருக்கிறது. அவ்வளவுதான் என்னிடம் மிஞ்சிய நீ.

இந்த மடலைக் குழுவின் பெயருக்கு அஞ்சலில் சேர்க்கப்போகிறேன். உன் மனைவியும் படிப்பாள், தெரிந்தேதான் செய்கிறேன். கையெழுத்துப் போட்டால், “செத்தவன்கிட்டயும் சண்டைக்கு வந்துட்டாருப்பா” என்று என்னைப் பற்றியே பேசுவார்கள். இந்த ஒருமுறை உன்னைப் பற்றிப் பேசட்டும். எழுதியது யாரென்று அவர்களுக்குத் தெரியும்தான், ஆனாலும் பெயர் போடவில்லை.