அரிசிப் பானைக்குள் இருந்த தகடு

ஆற்றுக்கு அக்கரையில், தலாவில் படகை விட்டு இறங்கியதும் மோட்டார்சைக்கிள் புகை மூக்கில் ஏறியது. ரங்கூனுக்குள் அந்த வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு இந்த வாசனை மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வந்த வேலையைப் போட்டுவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிட்டேன். வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று வருடம் மண் தரை மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் உங்களை ஜெயிக்க ஆளில்லை. எங்கள் தாமுவே வட்டாரச் சந்தை மீன்காரி என்னைச் 'சாம்பியன் கடோ' என்றுதான் கூப்பிடுவாள், சாம்பியன் பெண்டாட்டி! இடது பக்கமே திரும்பித் திரும்பி வட்டமடிப்பதில் என்ன பெருமை என்று கேலி செய்வேன். "நேரா ஓட்ட எவனாலயும் முடியும்டி" என்பீர்கள். வளைவில் வண்டி சறுக்கும்போது இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்காகப் பூட்ஸுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு. அது இல்லாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை.

நாலாவது வருடம், இறுதிப் பந்தயத்துக்கு முந்தின வாரம், களத்தில் விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஆறு மாதம். பந்தயத்தன்று, ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குக் கிளம்புமுன் உங்கள் தகட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். தகடு இல்லையென்றால் போகமாட்டீர்கள் என்று நம்பினேன். உங்களை அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தேன்.

நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட ஓட்டுகிறவரிடம் சின்னத் தகடு ஒன்றை இரவல் வாங்கி, கம்பியால் கட்டிக்கொண்டு ஓட்டினீர்கள். இரண்டாவது சுற்றில் அது கழன்றது. கணுக்கால் நொறுங்கியது. பந்தயமும் அதோடு போயிற்று.

வருடக்கணக்காக வாயைத் திறக்காமல் இருந்தேன். தடை வந்து உங்கள் வண்டியை விற்ற அன்றுதான் தாங்காமல் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அன்னிக்கே தெரியும். வீடெல்லாம் தேடிட்டுப் பானைக்குள்ள கைய விட்டேன், தட்டுப்பட்டுச்சு."

"எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமேங்க!"

"எடுத்தா உன்கிட்ட சண்டை போட்டுட்டுல்ல போவணும்? வயித்துப் புள்ளையோட நீ அழுவ. அதான் அங்கயே வெச்சுட்டேன்."

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. என் குற்றத்தைப் பாதிரியாரிடம் சொல்லி இறக்கிவைத்துவிட்டேன். உங்கள் குற்றத்தை யாரிடம் சொல்வது? நீங்கள் அன்றைக்கே கத்தியிருக்கலாம். பானையைப் போட்டு உடைத்திருக்கலாம். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் நானே சோறு போட்டிருப்பேன். அதுகூடத் தெரியாமலா என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தீர்கள்?

எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் தலையாட்டிக்கொள்கிறேன். உங்கள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.