அய்யாவின் கண்ணும் அரசாங்கக் கார்டும்

திண்டுக்கல்
20.11.64

அன்புள்ள சங்கிலி அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், பிலாய் உருக்காலையில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாயிருக்கிறாய் என்று நம்புகிறேன் என அம்மா தொடங்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுவது தங்கை பொன்னழகு. இடையிடையே "அதை விட்டுரு" என்கிறாள். ஆனால் நான் உள்ளதை உள்ளபடி, ஒன்றையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

அண்ணா, அய்யாவுக்குக் கண் தெரிகிறது! வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள், எல்லாம் மில் ஆட்களுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்சில்தான். அறுந்த நூல் கண்ணுக்குத் தெரியாமல் அய்யா தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்து, பொங்கலுக்குள் பார்வை வராவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். உங்களுக்கு எழுதக்கூடாதென்று அய்யாதான் தடுத்துவிட்டார்.

அந்த இன்ஷூரன்ஸ் கார்டு ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்தது. அம்மா அதையும் அரிவாள்மணை, என் புத்தகங்களோடு சாமி முன்னால் வைத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது மசி கலைந்து நம்பரே போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. கண் டாக்டர் மதுரையிலிருந்து மாதத்தில் ஒருநாள்தான் வருகிறார். அன்றைக்கு நாங்கள் போனபோது, ஜன்னலில் சீட்டு எழுதுகிறவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னம்மா, இது கார்டா கல்யாணப் பத்திரிகையா? நம்பர் இல்லாம எப்படிச் சேக்குறது, அடுத்த மாசம் வாங்க" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள் (விடச் சொன்னது இதைத்தான்). இருமலுக்கு மருந்து வாங்க வந்து பின்னால் நின்ற மைதீன் பிச்சை மாமா, அய்யாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர், தன் கார்டை ஜன்னலுக்குள் நீட்டினார். "ஏலே சடையாண்டி, மில்லுல கார்டுக்குப் பேரு பதியயில என் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நீதானடா! சார், என் நம்பருக்கு அடுத்த நம்பரைப் பாருங்க" என்றார். பேரேட்டைப் புரட்டினால் அடுத்த வரியிலேயே அய்யாவின் பெயர், வயது ஐம்பத்தைந்து, வலது முழங்கையில் மச்சம் என்று இருந்தது! சட்டைக் கையை மடித்துக் காட்டினோம். ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து நான் கை தட்டிவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அய்யா ஆறு நாள் தலையை அசைக்காமல் படுத்திருந்தார். இன்று காலை கட்டை அவிழ்த்தார்கள். இப்போதைக்கு எல்லாம் பனிமூட்டமாகத் தெரியுமாம், கண்ணாடி போட்டதும் தெளிந்துவிடுமாம், மில் வேலைக்கும் போகலாம் என்று வார்டு டாக்டர் சொல்லிவிட்டார். அய்யா முதலில் அம்மாவைத்தான் பார்த்தார். "ஏ பேச்சாயி, தலை எப்ப இம்புட்டு நரைச்சுச்சு?" என்றார். "நீங்க பாக்காத நேரமாப் பாத்து நரைச்சிருச்சு" என்றாள் அம்மா. வார்டே சிரித்தது.

அப்பு, மகனே, உலை முன்னால் நிற்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே, பொங்கலுக்கு இப்போதே லீவு கேட்டு வை, நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள்.

ஆசிகளுடன்,
அம்மா பேச்சாயி

கீழே கோணலாக, கோட்டைத் தாண்டி ஓடியிருப்பது அய்யாவின் கையெழுத்து. ஒரு வருஷமாகக் கைநாட்டு வைத்தவர், பேனாவைப் பிடுங்கி அவராகவே போட்டார். வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இந்த வரியை வராந்தா வெளிச்சத்தில் எழுதினேன்.

சடையாண்டி