உப்பில்லாத சூப் எது?

என்னங்க,

ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். அடுப்புமேல ரெண்டு பாத்திரத்துல சூப் இருக்கு. ஒண்ணுல மட்டும் உப்பு போட்டிருக்கேன். போனை ஓரமா வச்சுட்டு, ஒவ்வொரு வாயா நாக்குல நிறுத்திக் குடிங்க. எதுல உப்பில்லன்னு இந்தச் சீட்டுலயே எழுதி வைங்க.

நேத்து திரிஞ்ச பாலை மடக் மடக்னு குடிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு"ன்னீங்க. ருசிச்சுச் சாப்பிட்டாத்தானே உடம்புல ஒட்டும்னு கத்திட்டேன். கோபமில்லீங்க, பயம். நம்ம ரெண்டு பேருக்கும் வந்த காய்ச்சல்ல உங்க நாக்கு செத்துப்போச்சோன்னு பயம்.

சாவி செருப்பு அலமாரி மேல.

பி.கு: வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து ரெண்டுலயும் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். எனக்கும் வித்தியாசம் தெரியலங்க. எழுதியெல்லாம் வைக்க வேணாம். குடிச்ச உடனே போன் பண்ணுங்க.