நாற்பத்திரண்டு ‘நன்று’

மண்டூர்,
03.08.2025

அன்பு மகன் உதயரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கத்தார் வெயிலில் வெறுந்தலையோடு நிற்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் நீ இருக்க வேண்டும் என்று மண்டூர் முருகனைக் கும்பிட்டுத்தான் பேனையை எடுத்தேன். இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி மேனுகா மூன்று பேரும் இருக்கிறோம். எப்போதும் போல ‘சுகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை கை வரவில்லை. அந்தச் சொல்லை எழுதினால் யாரோ கேட்டுக்கொண்டிருந்து பறித்துவிடுவார்கள் போல ஒரு பயம். பத்து நாளாக நீ போனில் கேட்கிறாய், ஏனம்மா மேனுகாவின் தண்ணிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பவில்லை என்று. நெட் இல்லை என்றேன், பிறகு கமரா பழுது என்றேன். இரண்டும் பொய் மகன். நான் போனில் கதைக்கும்போது அவள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்கு முன்னால் இதைச் சொல்ல என்னால் ஏலாது. உன் கூட்டாளி ரதீஸ் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்பி வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். படிக்கத் தொடங்க முதல் ஒன்றைத் தெரிந்துகொள், உன் தங்கச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல் கூட இல்லை.

முதலில் ஊர்ப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். கச்சான் காற்று தொடங்கி இரண்டு மாதமாகிறது, முற்றத்து மண் எழும்பி சோற்றுக்குள் விழுகிறது, கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. வயல் வட்டையில் வேளாண்மை கதிர் முற்றித் தலை சாய்த்து நிற்கிறது, வெட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை. யானை இறங்கிய அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க அப்பா விடிய எழும்பிப் போனால் வெயில் ஏறித்தான் திரும்பி வருவார். முழங்காலுக்கு நீ அனுப்பிய எண்ணெயில் பாதியை மாட்டுக்குப் பூசிவிட்டார், கேட்டால் மாட்டுக்குத்தான் என்னைவிடக் கூட நோகுது என்கிறார். எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடமும் ஒழுங்காகத்தான் நடந்தது. வெயிலுக்கு முதல் தமிழும் கணக்கும், வெயில் ஏறினால் வேப்பமரத்துக்குக் கீழே பாயைப் போட்டு வாசிப்பு. நாலாம் வகுப்பில் வாசிக்கச் சொல்லி எழுப்பும்போது முதல் எழுத்தே தொண்டையில் நின்று, மற்றப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, கடைசியில் வகுப்பில் வாய் திறப்பதையே விட்ட பிள்ளை இவள். காலையில் சப்பாத்தைப் போடும்போதே சத்தி எடுப்பாள், தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். நீதான் சொன்னாய், நீங்க ஏஎல் படிச்ச ஆள்தானே அம்மா, வீட்டில வச்சுப் படிப்பிச்சு விடுங்க என்று. இப்போது அவள் கோழிகளுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறாள், கோழிக்கு முன்னால் ஒரு சொல் கூடத் திக்குவதில்லை. அதைக் கேட்கும் போதெல்லாம் நாங்கள் செய்தது சரி என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

தண்ணிக் கொப்பி நீ சொல்லித் தந்த வேலை, ஆனால் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நீ அப்படி நினைத்து அங்கே சோறு தண்ணி இல்லாமல் இருந்துவிடாதே. உங்கள் வேலைத்தலத்து நில அளவைக்காரர் வைத்திருக்கும் சிவப்பு வெள்ளைக் கம்பின் படத்தை நீ அனுப்பினாய், அப்பா கமுகஞ் சலாகையில் அதே மாதிரிச் செய்து பெயின்ற் அடித்துக் கொடுத்தார். சனி ஞாயிறு தவிர நாளும் காலை ஒன்பது மணிக்கு வாவிக்குப் போய்த் தண்ணீர் கம்பில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுத வேண்டும். வாவி வற்றிக் கம்பின் அடி காய்ந்தால் பிடுங்கிக் கொண்டுபோய் முழங்கால் தண்ணீரில் மறுபடி ஊன்ற வேண்டும், கரைப் பூவரச மரத்திலிருந்து அங்கே எத்தனை காலடி என்று எண்ணி எழுத வேண்டும். மே மாதக் கடைசியில் தொடங்கினோம். அன்றைக்குப் பன்னிரண்டு காலடி. குசினி யன்னலால் பார்த்தால் அவளுடைய மஞ்சள் தொப்பி தெரியும், நான் கறியைக் கிளறிக்கொண்டே பார்ப்பேன். பிறகு அவள் வந்து கொப்பியை நீட்டுவாள். எழுத்து வட்டமாக இருக்கிறதா, கழித்தல் கணக்குச் சரியா என்று பார்த்து, சிவப்புப் பேனையால் சரி போட்டு, ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். அப்படியே ஒவ்வொரு நாளும்.

போன மாதம் இருபத்து மூன்றாம் திகதி, புதன்கிழமை. வாரநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் கரை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில். ஆண்கள் வட்டையில். தோணிக்காரர் விடியவே மீனைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார்கள். லீவு நாளென்றால் இருபது பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தத்துக்கு எதுவும் கிட்ட வராது. ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தி மட்டும் வாவியில் நிற்கிறாள் என்பது இத்தனை நாளும் எனக்கு ஒருக்காலும் மனதில் படவில்லை. நான் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். கரைப்பக்கம் மோட்டார் சைக்கிள் ஹோன் கேட்டது, விட்டு விட்டு அல்ல, ஒரே இழுவையாக. மீன் விற்க வரும் முத்தலிப் காக்காதான், இன்றைக்கு மீன் கூடக் கிடைத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு மெல்ல, ஆறுதலாக நடந்து போனேன் மகன். ஆறுதலாக. அதை நினைத்தால் இப்போதும் என் காலைப் பிடித்து வெட்ட வேண்டும் போலிருக்கிறது. நான் பூவரச மரத்தடிக்குப் போகும்போது மேனுகா இடுப்பு வரை சேறும் தண்ணீருமாகக் காக்காவின் சைக்கிள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கொப்பி நனையாமல் தலைக்கு மேலே. வாய் அசைகிறது, ஒரு சொல்லும் வரவில்லை. காக்காவின் கை அப்போதும் ஹோனை அமத்திக்கொண்டிருந்தது. மற்றக் கையால் தண்ணீரைக் காட்டினார். கம்பு சரிந்து கிடந்தது, அதற்குப் பக்கத்தில் முதலையின் முதுகு. இரண்டு ஆள் நீளம் இருக்கும். பிள்ளை கரைக்கு ஓடி ஏற முதலே அது கம்பு நின்ற இடத்துக்கு வந்துவிட்டதாம். நீங்கள் ஏன் கத்தவில்லை என்று நான் அவரிடம் கேட்டேன், நன்றி சொல்ல வேண்டியவரிடம் சண்டைக்குப் போனேன். அந்த மனிதன் சொன்னார், சத்தம் போட்டா புள்ள வெறச்சுப் போய் அங்கயே நிண்டிரும் தங்கச்சி, ஹோனடிச்சா மீனெண்டு ஓடி வரும், அதான் கையெடுக்கல்ல என்று. அவர் ஹோன் அடித்தால் என்ன மீன் என்று பார்த்துப் பெயர் எழுத இவள் ஓடுவது வழக்கம், அது உனக்கும் தெரியும். அந்த வழக்கம்தான் பிள்ளையின் காலை இழுத்து வந்தது.

அன்று மத்தியானம் அவளைப் படுக்க வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். பன்னிரண்டு, பதினைந்து, பத்தொன்பது, இருபத்தேழு, முப்பத்தெட்டு, ஐம்பது, அறுபத்து நான்கு, கடைசியாக எழுபத்தொன்று. பிள்ளை எதையும் ஒளிக்கவில்லை, ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் போகிறாள் என்று தன் கையால் எழுதி என் கையில் தந்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றுக்குக் கீழேயும் நன்று, நன்று என்று எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு தடவை. அதிலும் பதினாறாம் திகதிப் பக்கத்தில் குறிப்பு ஒன்று, ‘தண்ணீரில் ஒரு மரக்கட்டை கிடக்கிறது, நேற்று இல்லை’ என்று. அதற்குப் பக்கத்தில் என் சிவப்புப் பேனை, ‘எழுத்துச் சாய்கிறது, கவனம்’. என்ன கண் மகன் என்னுடைய கண்? அடுத்த நாள் அப்பா நீளக் கம்பால் முன்னால் தட்டித் தட்டிப் போக, அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் பூவரச மரத்திலிருந்து காலடி எண்ணிக்கொண்டு இறங்கினேன். முப்பதாவது காலடியில் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடு இல்லை. குசினி யன்னல் இல்லை. கண்டல் பற்றைதான் மறைத்துக்கொண்டு நின்றது. கம்பு ஜூன் நடுவிலேயே அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து கிழமையாக நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் தண்ணீரை. அதற்கு மேல் ஒரு காலடி வைக்க என்னால் முடியவில்லை, அப்பா என்னைத் திருப்பிக் கூட்டி வந்தார்.

அன்றிலிருந்து பயம் என்னை விட்டுப் போகவில்லை. படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன். அவள் கிணற்றடிக்குப் போனால் கூடப் பின்னால் போகிறேன். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றால் கதவைத் தட்டுகிறேன். பிள்ளைக்கு என் முகத்தைப் பார்த்தே பயம் தொற்றிவிட்டது, இப்போது கோழிகளுக்கு முன்னாலும் திக்குகிறாள். இதற்கிடையில் பன்னிரண்டாம் திகதி கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பிள்ளையின் கொப்பிகளையெல்லாம் பார்த்துத்தான் வீட்டில் படிப்பிக்க விடலாமா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வதா என்று எழுதுவாராம். தெய்வமணி மச்சாள் கேட்டதும் சொன்னாள், அந்தக் கொப்பியக் கிழிச்சு அடுப்புக்குள்ள போடுகா, ஆருக்குத் தெரியப்போகுது என்று. நான் கிழிக்கத்தான் எடுத்தேன், பொய் சொல்லவில்லை, அடுப்படி வரை கொண்டு போனேன். அந்தக் கொப்பியை அவர் பார்த்தால் இந்தத் தாய்க்குப் பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை என்று எழுதிவிடுவார், பிள்ளை மறுபடி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சத்தி எடுப்பாள் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, உனக்கு மட்டும் சொல்கிறேன். அவர் அப்படி எழுதினால் அது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்.

அடுப்படியில் கிழிக்க விரித்தபோதுதான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. நான் பார்க்காத பக்கம். அன்று பின்னேரமே எழும்பி அவள் எழுதியிருக்கிறாள். திகதி, நேரம், காற்று கச்சான், காலடி எழுபத்தொன்று. நீர் மட்டம் அளக்கவில்லை. காரணம் முதலை. அதற்குக் கீழே குறிப்பு என்று போட்டு, ‘அம்மா என்று கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை’ என்று எழுதி, என் கையெழுத்துக்கு வழக்கம்போல் இடம் விட்டிருக்கிறாள். அவள் என்னைக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது மகன். பதினொரு வயதுப் பிள்ளை அந்தத் தண்ணீரில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், முதல் எழுத்து தொண்டையில் நின்றுவிட்டது, நான் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அப்படியே குந்திவிட்டேன். அப்பா வந்து கொப்பியை என் கையிலிருந்து எடுத்து வாசித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கொப்பியை நான் எரிக்கப் போவதில்லை. வருகிறவரிடம் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன், அவர் என்ன எழுதினாலும் எழுதட்டும். நேற்று அவளைப் பக்கத்தில் இருத்தி அந்தப் பக்கத்தை விரித்தேன். நன்று என்று எழுத மனம் வரவில்லை. ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, நாளைக்கு எத்தின மணிக்கு அளக்கிற என்று கேட்டாள், மூன்று இடத்தில் திக்கித்தான் கேட்டாள், ஆனால் கேட்டாள். தண்ணீரில் கால் வைக்காமல் கரையில் நின்றே மட்டம் பார்க்க உங்கள் வேலையில் ஒரு வழி இருக்கும்தானே, அதை நன்றாகக் கேட்டறிந்து எழுது. வழி வரும்வரை படலை பூட்டித்தான் இருக்கும். வந்த பிறகும் அவள் தனியே போகப் போவதில்லை, கறி கருகினாலும் சரி, நான் கூடப் போய் நிற்பேன்.

நீ இதைப் படித்துவிட்டு உடனே போன் எடுத்து அழாதே, அவள் பக்கத்தில் இருப்பாள். முத்தலிப் காக்காவுக்கு மட்டும் போன் எடுத்து ஒரு வார்த்தை சொல், நான் அவரிடம் சண்டை போட்டவள், இன்னும் முகத்தைப் பார்த்துப் பேச வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி, உயரத்தில் ஏறும்போது கயிற்றைக் கட்டாமல் ஏறாதே, பக்கத்தில் நிற்கிறவனிடம் எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. முருகன் உன் தலைக்கு மேலே நிழலாக நிற்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நல்லாய் இரு மகன்.

மறந்துவிடாதே, உங்கள் வேலைத்தலத்தில் ஆபத்துக்கு ஊத ஆட்களுக்கு விசில் கொடுப்பார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். அங்கே இருப்பதிலேயே சத்தம் கூடியதாக ஒன்று வாங்கி அனுப்பு. அவள் கழுத்தில் கட்டிவிட வேண்டும். அதற்கு முதல் எழுத்து வர வேண்டியதில்லை, ஊதினால் போதும், நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கேதீஸ்வரி