திருநீற்றுப் புதன் முதல் லெமனேட் இல்லை

வார்னம்பூல்
7 மார்ச் 2019

அன்புள்ள கார்மெல்,

கன்னியர் மடத்தில் எல்லோரும் நலந்தானே? என் உணவுக்குழாயில் வளர்ந்த கட்டியை அறுக்க முடியாது என்று ஜனவரியில் கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே விரித்து வைத்தார்கள். இப்போது உருளைக்கிழங்கு மசியல் சுகமாக இறங்குகிறது. சாப்பிட்டதும் லெமனேட் சோடா குடிக்க வேண்டும். அதன் நுரை குழாயைக் கழுவுமாம். வெட்கத்தோடு சொல்கிறேன், அதற்கு நாக்கு பழகிவிட்டது. ஆகவே நேற்று, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, அதை விட்டுவிட்டேன். தவக்காலத்தில் பிடித்ததைத்தானே விட வேண்டும்?

உன் இமெல்டா

பல்லரட்
11 மார்ச்

இமெல்டா,

அது மருந்து! உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சிஸ்டர் ரீட்டா, "அந்த வீராப்புக்காரிய முதல்ல குடிக்கச் சொல்லுடி!" என்று கத்தினாள். டாக்டரிடம் கேள். நான் வரட்டுமா?

கார்மெல்

மருத்துவமனை
18 மார்ச், காலை

அன்புள்ள கார்மெல்,

அறிவுரைக்கு நன்றி, ஆனால் நான் அதன்படி நடக்கவில்லை. நேற்று புனித பேட்ரிக் திருநாள் விருந்தில், எல்லோர் முன்னாலும் மசியல் மட்டும் சாப்பிடக் கூச்சப்பட்டு, ஒரு துண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி தின்றேன். அதிலிருந்து எச்சில்கூட இறங்கவில்லை. இறைச்சி அடைத்திருக்கிறது என்கிறார் ஒரு டாக்டர்; குழாயே கீழே சரிந்துவிட்டது என்கிறார் மற்றவர். வாய்வழியே கேமராவை விட்டுச் சரிசெய்வார்களாம். அப்போது உணவுக்குழாய் கிழியவும் கூடுமாம். சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

"லெமனேட ஏன் நிறுத்துனீங்க, மிசஸ் டியர்னி?" என்றார் டாக்டர்.

"தவக்காலம்."

"சாமி உங்ககிட்ட இதையா கேட்டாரு?"

நான் செய்தது தவமா, அகந்தையா? இதைத் தண்டனையாக ஏற்றுச் சும்மா இருப்பதா? மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உன் பதில் அதற்குள் வராது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

இமெல்டா

மருத்துவமனை
19 மார்ச்

கார்மெல்,

கையெழுத்துப் போட்டேன். இறைச்சியைத் துண்டுதுண்டாக எடுத்து, குழாயை இடுக்கியால் மேலே இழுத்து, இரண்டு கிளிப் மாட்டியிருக்கிறார்கள். மறுபடி நகருமா என்றால், "நகரலாம், நகராமலும் இருக்கலாம்" என்கிறார் டாக்டர். இப்படி ஒரு பதிலுக்கு நாம் படித்த பள்ளியில் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும்.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸ், "கார்மெல் யாரும்மா? விடாம கூப்பிட்டீங்களே!" என்றாள்.

"தோழி."

"வரச் சொல்லட்டுமா?"

"அவளுக்கு நேரமிருக்காது" என்றேன். பொய். என் கணவர் ஃபிராங்க் இறந்தபோது வருகிறேன் என்றாய். நான்தான் வேண்டாம் என்றேன். போன வாரமும் கேட்டாய். அந்த வரிக்கு மட்டும் நான் பதிலே எழுதவில்லை.

பயமாக இருக்கிறது. வா.

இமெல்டா