துடைத்த கரும்பலகை

என் ராஜாத்தி மருமகளே,

ஒரே தும்மலில் எட்டுத் திக்கையும் நடுங்க வைப்பவனும், ஓடும் ரயிலைத் தோளால் நிறுத்தியவனுமான உன் தாய்மாமன் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் கடைசித் தேற்றத்துக்கான நிரூபணத்தை ஆறு மாதமாக அவருடைய நோட்டுகளில் தேடுகிறாயாம். கல்லூரியிலோ, "முடிச்சிட்டேன்னு போன்ல சும்மா அளந்திருக்காரு" என்று சிரிக்கிறார்களாம்.

முடித்திருந்தார். சாவதற்கு முந்தின நாள், சாக்பீஸ் தூள் படிந்த கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"முடிஞ்சுது மாப்ளே! இனி ஆயிரம் வருஷத்துக்கு என் பேரு நிக்கும்!"

"பேரு நிக்கட்டும் மச்சான். முதல்ல பலகை நிக்குமா? ஆணி ஆடுது."

எதையும் பலகையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் நோட்டில் ஏற்றுவார். மறுநாளே போய்விட்டார். துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார அந்த அறையை நான்தான் ஒழித்தேன். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டுமென்று பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளைக் கறை போகவில்லை என்று மூன்று முறை துடைத்தேன்.

நோட்டுகளில் தேடாதே, கண்ணு. அங்கே இல்லை.

நேற்று கல்லூரிக்குப் போய் அவருடைய சகாக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரயிலைத் தோளால நிறுத்தினவர்தானே நீங்க?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நீயாவது நம்பு.

உன்
புளுகு மாமா