ஆறுமூலைத் துண்டுகள்

1951 மார்ச் 5, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பெண்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில், அதாவது என் தலைமேல்.

மிஷின் வந்துவிட்டது. எஸ்டேட் துரைசானி (இனி து.சா., கை வலிக்கிறது) சிரம்பானில் மூடிப்போன ஒரு சப்பாத்துப் பட்டறையிலிருந்து வாங்கியது. தோல் வெட்டப் பயன்பட்ட அமுக்கு மிஷின். மேலே சக்கரம், கீழே பலகை. கூடவே இரும்புப் பட்டையை ஆறு மூலையாக வளைத்து, ஓரத்தைத் தீட்டிய அச்சு. துணியை எட்டு மடிப்பாக அடுக்கி, மேலே அச்சை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரே அழுத்தில் எட்டுத் துண்டு. கத்தரியால் வெட்டினால் எட்டும் எட்டு விதமாக வரும்.

இந்தத் துண்டுகளை ஒட்டித் தைத்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போர்வைகள். து.சா. அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் சொன்னார். எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. பெண்கள் ‘கட்டப் போர்வை’ என்று முடித்துவிட்டார்கள். மிஷினுக்கும் பெயர் வைத்தாயிற்று: முறுக்கு மிஷின்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கிருந்து அரிசி போகக்கூடாதென்று சர்க்கார் முள்கம்பி வேலி போட்டபின் கீரைப் பாத்திகளெல்லாம் வெளியே போய்விட்டன. மத்தியானத்தில் பெண்களுக்குப் போக இடமில்லை. அதனால் தையல் வகுப்பு. அதற்கு மாஸ்டர் நான். டைலர், பிரம்மச்சாரி, பரம சாது என்று து.சா.விடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலிரண்டும் உண்மை.

செவ்வாய்

வெயில். இன்றைய பாடங்கள்:

அடிப்பலகை கடினமாக இருந்தால் அச்சின் முனை மழுங்குகிறது. அடியில் ஒரு ரப்பர் ஷீட்டைப் போட்டேன். வெண்ணெய் மாதிரி இறங்குகிறது.

எட்டு மடிப்புக்கு மேல் ஆசைப்படக்கூடாது. அடித்துணி நழுவி ஆறு மூலை ஐந்தாகிறது.

தொப்பை உள்ளவன் வேட்டி கட்டிக்கொண்டு மிஷின்மேல் சாயக்கூடாது.

மூன்றாவதைக் கற்றுக்கொண்ட விதம்: சக்கரத்தைச் சுற்றி முடித்து நிமிர்ந்தேன். முன்பக்கம் காற்று. வேட்டியில் அழகான ஆறுமூலை ஜன்னல். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் பெண்சாதி ராசாத்தி, “மாஸ்டரே, கதவும் ஒண்ணு வெட்டிக்குங்களேன்!” என்றாள். கொட்டகையே உருண்டது.

பாக்கியம் மட்டும் சும்மா புன்னகைத்தாள். மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம். புருஷன் சின்னையா போன மழைக்காலத்தில் காணாமல் போனவன். அவள் சொல்வது: சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை. ராசாத்தி சொல்வது: சிங்கப்பூரில் ஒருத்தி. அந்த ஒருத்திக்குப் பல் எடுப்பு என்று சேர்த்தது நான். போலீஸ் சொல்வது: காட்டில் இருக்கிறான், துப்பாக்கியோடு.

போலீஸ் சொல்வது உண்மையென்றால் பாக்கியத்தையும் பிள்ளையையும் முகாமில் போட்டு, அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்து எஸ்டேட்டில் ஒரு குடும்பமே அப்படிப் போனது. பாக்கியம் பிறந்தது இங்கே லாபுவில். கடலையே பார்த்ததில்லை.

வியாழன்

மழை. நேற்று எழுதவில்லை, சோம்பல்.

மத்தியானம் போலீஸ் சார்ஜன் வந்தார். தமிழ் பேசுகிறவர். வகுப்பின் நடுவே நின்று, “ஒம் புருசன் காயிதம் போடறானா?” என்று பாக்கியத்தைக் கேட்டார்.

“அவருக்கு எழுதத் தெரியாதுங்க.”

“ஆள் விட்டாவது சொல்லி அனுப்ப மாட்டானா?”

“அங்க ஒருத்தி இருக்காளாம்ங்க. நம்ம நெனப்பு எங்க வரும்?”

அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வம்பைத் தின்று வளர்ந்த ராசாத்தியே ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். நான் வேண்டுமென்றே சக்கரத்தைக் கிறீச்சிடச் சுற்றினேன். சார்ஜன் முகம் சுளித்துப் போய்விட்டார்.

எடுப்புப் பல்காரிக்கு இன்று அரசாங்க அங்கீகாரமே கிடைத்துவிட்டது. சிரிப்பு வரவில்லை.

பி.கு.: நீல நூல் தீர்ந்தது. து.சா.விடம் கேட்க வேண்டும்.

வெள்ளி

விடியற்காலையில் மலைப்பக்கம் வேட்டுச் சத்தம். பிறகு அமைதி. பிறகு லாரி.

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டிலேயே நிறுத்தி, நம் டிவிஷன் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். லாபு போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் ஒரு பிணம். தெரிந்த ஆளா என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பட்டியலில் இல்லை. மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இருந்தேன். ஏற்கெனவே போட்டதற்கு மேலேயே போட்டேன்.

உச்சிவெயிலில் திரும்பினார்கள். யாரும் சாப்பிடவில்லை. ராசாத்தி வாசலிலேயே உட்கார்ந்தாள்.

“யாரு தாயி?”

“யாரு கண்டா. மூஞ்சியா அது? நான் கண்ண மூடிக்கிட்டே நடந்து வந்துட்டேன் மாஸ்டரே.”

“பாக்கியம்?”

“அவகிட்டத்தான் ரெண்டு தரம் கேட்டாங்க. கிட்டக்கப் போயி நல்லாத்தான் பாத்தா. தெரியாதுங்கன்னுட்டா. கல்லு மாதிரி நின்னா.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் அவள் எப்போதும் போலத் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. குடம் நிறைந்து வழிந்தது. பின்னால் நின்றவள் அதட்டியபின்தான் நகர்ந்தாள்.

சனி

மேகமூட்டம். புழுக்கம்.

மற்றவர்கள் வருமுன் பாக்கியம் வந்தாள். கையில் பழந்துணி மூட்டை. “இதையும் வெட்டிடுங்கண்ணே.”

அவிழ்த்தேன். மேலே ஒரு கிழிந்த பாவாடை. கீழே பச்சைக் கட்டம் போட்ட சட்டை. நான் தைத்தது. பீடிக்கட்டு வைக்க உள்பக்கம் ஒரு பை வேண்டுமென்று சின்னையா அடம் பிடித்துத் தைத்துக்கொண்டது.

ஊரைவிட்டுப் போனவன் துணியில் அவன் திரும்பும்வரை கத்தி படக்கூடாது. இங்கே யாரும் வெட்டமாட்டார்கள். எலி கடித்தாலே அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“பாக்கியம், இது அவன் சட்டை.”

“ஆமாண்ணே.”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் மூளைக்கும் எட்டு மடிப்பு.

“முகம் தெரியலன்னு ராசாத்தி சொன்னாளே...”

“மொகம் எதுக்குண்ணே. காலு தெரியாதா எனக்கு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குரல் ஏறவில்லை. “தாலிய அவுத்தா தெரிஞ்சிரும். அழுதாத் தெரிஞ்சிரும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்? சட்டைய மட்டும் நீங்க வெட்டிருங்க. யாராச்சும் செத்தவருக்குச் செய்யணும்ல.”

மடித்தேன். அச்சை வைத்தேன். சக்கரம் கனத்தது. உள்பை இருந்த இடத்தில் இரண்டு துணி என்பதால் இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. அவள் துண்டுகளை எடுத்து மற்றத் துண்டுகளோடு கலந்தாள், சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவசரமாகச் சொன்னாள்: “அண்ணே, இன்னைக்கு எதாச்சும் சிரிப்புக் கதை சொல்லுங்கண்ணே. நல்லா வயிறு வலிக்கிற மாதிரி. சிரிச்சாலும் கண்ணுல தண்ணி வரும்ல.”

சொன்னேன். வேலி கேட்டில் நின்று, காட்டுக்கு அரிசி கடத்துகிறோமா என்று தடவிப் பார்க்கும் காவல்காரன் என் தொப்பையைக் குத்திப் பார்த்து, “உள்ள எத்தன படி?” என்று கேட்டது. “ஐயா, இது தின்னு முடிச்ச அரிசி, திருப்பித் தர வழியில்லை” என்று நான் சொன்னது. அவன் நம்பாமல் சட்டையைத் தூக்கச் சொன்னது. தொப்புளுக்குள் விரலை விட்டுத் தேடியது. நடந்தது பாதி, அளந்தது பாதி.

ராசாத்தி தரையில் அறைந்து சிரித்தாள். எல்லாரையும்விட அதிகம் சிரித்தது பாக்கியம். சிரித்தாள், குலுங்கினாள், முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் நிற்கவில்லை.

“பாத்தீங்களாடி,” என்றாள் ராசாத்தி, “புருசன் போன எடம் தெரியல, இவ சிரிக்கிற சிரிப்ப!”

கதை தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் மூச்சு வாங்கி ஊசியை எடுத்தார்கள். பாக்கியம் முந்தானைக்குள்ளேயே இருந்தாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்த வேண்டும். எழுந்து நின்று, “இதென்ன, என்னைப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போன கதை தெரியுமா?” என்று தொடங்கினேன். அப்படி ஒன்று நடந்ததே இல்லை.